அலுமினியத்தை வலம் வந்த கதை

அலுமினியம் வெண்ணெய் மாதிரி, எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள்கூட மில்லிங் மெஷின் முன்னால் நின்றதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். நின்றவர்களுக்கு, அதாவது உங்களுக்கும் எனக்கும், அதன் குணம் தெரியும். காலையெல்லாம் சாதுவாக இருக்கும். டீ வருகிற நேரத்தில் ஒரு வேலை காட்டும் பாருங்கள், அந்த டீ அன்றைக்கு யார் வயிற்றுக்கும் போகாது.

காஞ்சிபுரத்திலிருந்து முசரவாக்கம் போகிற வழியில் இருக்கிறது என் பட்டறை. ஊரில் எல்லாரும் லேத் பட்டறை என்பார்கள். உள்ளே லேத்தே கிடையாது. பழைய மில்லிங் மெஷின் ஒன்று, பிறகு வந்த கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, இரண்டையும் ஓட்டுகிற மோகன், எதற்கெடுத்தாலும் அதிர்ச்சியடைகிற நான். மோகன் முப்பது தாண்டியவன், நல்ல வேலைக்காரன். திருவிழா வந்தால் லீவு போட்டுவிட்டு சாமி தூக்கப் போய்விடுவான். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி அவன் தோளில் காய்ப்பே விழுந்திருக்கிறது.

தொழில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கட்டர் சுழல்கிறது, டேபிள் மேல் இருக்கும் உலோகத்தை அதனிடம் கொண்டுபோகிறோம். பல் போகிற திசைக்கு எதிராக டேபிள் வந்தால் அது அப் மில்லிங். பல் தேய்த்துக்கொண்டு நுழையும், அலுமினியம் பல்லில் அப்பிக்கொள்ளும், வெட்டிய முகம், அதாவது மேற்பரப்பு, மங்கலாக வரும். பல் போகிற திசையிலேயே டேபிளும் போனால் டவுன் மில்லிங். முகம் பளபளவென்று வரும், ஆனால் பல் டேபிளையே தன் பக்கம் இழுக்கும். எங்களுடைய பாதி அதிர்ச்சி முதல் வகையில் வருகிறது, மீதிப் பாதி இரண்டாவது வகையில் வருகிறது.

தனலட்சுமி அக்காவின் கட்டை

ஆனி மாதம் தனலட்சுமி அக்கா வந்தார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூல் சுற்றும் கொட்டகை வைத்திருப்பவர். சுற்றும் மெஷினில் நூல் புகுந்து போகிற அலுமினியக் கட்டைகள் தேய்ந்துவிட்டன, புதிதாகச் செய்து தர வேண்டும் என்றார். விரல் நீளக் கட்டை, நடுவில் நூல் ஓடுகிற ஒரு பள்ளம், எங்கள் பேச்சில் காடி, அவ்வளவுதான். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்கான பட்டைத் தன் கொட்டகையில் தன் கையாலேயே சுற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அரக்கு நிறத்தில் சாயம் போட்டு நூல் தயாராக இருந்தது. அது தீர்ந்தாலோ கெட்டாலோ இன்னொரு தடவை அதே நிறம் வராது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கட்டையை மோகன் பழைய மெஷினில் ஏற்றினான். அடிப்பாகத்தை வைஸ் என்கிற இடுக்கி கவ்வியிருக்க, மேல்பாகத்தை நாலு பக்கமும் சுற்றிச் சீவ வேண்டும். நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். டேபிள் முன்னால் பாய்ந்தது, கட்டர் முறிந்தது, கட்டை வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்த் தகரச் சுவரில் மோதி விழுந்தது. மோகனின் கை அது போன வழிக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவன் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன்.

பழைய மெஷினில் டேபிளைத் தள்ளுகிற திருகு தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கும். அதில் டவுன் மில்லிங் செய்தால், பல் இழுத்த இழுப்புக்கு அந்த ஆட்டம் அத்தனையும் டேபிள் பாயும். ஐ.டி.ஐ.யில் முதல் வருடமே சொல்லித் தருகிற பாடம் இது. கட்டையின் வெளிப்பக்கத்தை வலமாகச் சுற்றினால் டவுன், இடமாகச் சுற்றினால் அப். தெரிந்திருந்தும் ஏன் வலமாகப் போனான் என்று கத்தினேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"கல்யாண வேலைண்ணா இது. இதைப் போயி யாராச்சும் இடமா சுத்துவாங்களா?"

க்யூ.சி. சார் பார்த்துவிட்டார்

அன்றிலிருந்து பழைய மெஷினில் எல்லாம் இடமாகத்தான் என்று சட்டம் போட்டேன். டேபிள் மேல் சாக்பீஸால் அம்புக்குறியும் போட்டேன். மோகன் மறுபேச்சு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு பீஸையும் இடமாகச் சுற்றிச் சீவி முடித்ததும், மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவனே மெஷினை ஒரு முறை வலமாகச் சுற்றி வந்துவிட்டு அடுத்த பீஸை மாட்டினான். இடமாகச் சுற்றிய கணக்கு அதில் நேராகிவிடுகிறதாம். வேலை ஓடுகிறதே, விரல் எல்லாம் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

மின்சார வண்டிக்கு அலுமினியப் பெட்டி செய்கிற ஒரு கம்பெனிக்கும் அப்போது சாம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அங்கிருந்து தரம் பார்க்கிற க்யூ.சி. சார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஃபைல். வாசலில் நின்றபடியே மோகன் வலம் வருவதைப் பார்த்தார். அடுத்த பீஸுக்கும் பார்த்தார். காபி சொல்லட்டுமா சார் என்று பேச்சை மாற்றிப் பார்த்தேன். அவர் ஃபைலைத் திறந்து நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த வேலை முறைத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு ரொம்பச் சாந்தமாகக் கேட்டார்.

"சார், இந்த ஸ்டெப் இதுல எங்க இருக்குது?"

புது மெஷின் வந்தது

அவர் சாம்பிளையும் திருப்பிக் கொடுத்தார். முகம் மங்கல், கோடு கோடாக இருக்கிறது என்றார். நியாயம்தான். அப் மில்லிங்கில், பல்லில் அப்பாமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றினாலும் சரி, கும்பிட்டு விழுந்தாலும் சரி, அலுமினியம் அதற்கு மேல் பளபளக்காது. ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த கம்ப்யூட்டர் மெஷின் புரட்டாசியில் வந்து சேர்ந்தது. தனலட்சுமி அக்காவிடமும் புது மெஷின் வரட்டும், நல்லதாகச் செய்து தருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். அவர் வாரம் ஒருமுறை அந்த வழியாகப் போகிற சாக்கில் எட்டிப் பார்த்து, மெஷின் வந்துச்சாபா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நூல் சும்மா இருக்கிறது, தறிக்காரர் காத்திருக்கிறார், தை மாதம் யாருக்காகவும் காத்திருக்காது.

புது மெஷினின் திருகில் ஆட்டமே கிடையாது. டவுன் மில்லிங்கில் பல் எவ்வளவு இழுத்தாலும் டேபிள் அசையாது. ஆகவே இதில் வெளிப்பக்கத்தை வலமாகத்தான் சுற்ற வேண்டும் என்று, மெஷினைப் பொருத்த வந்த பையன் சொல்லிவிட்டுப் போனான். மோகன் அவசரமாக வெளியே போய்த் தேங்காய் வாங்கி வந்தான். சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் ஆனது. முதல் பீஸ் கண்ணாடி மாதிரி வந்தது. அதில் முகத்தைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டு மோகன் சொன்னான்.

"ஆயிரம்தான் சொல்லுண்ணா, இந்த மெஷினுக்குப் பக்தி இருக்குது."

உள் பிராகாரம்

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கம்பெனிப் பெட்டிகளின் வெளிப்பக்கம் ஜம்மென்று வந்தது. உள்பக்கம் குடைந்த இடமோ மறுபடி மங்கல். அதைவிட மோசம், மெல்லிய சுவர்கள் அளவுக்கு மேல் மெலிந்திருந்தன. கட்டர் சுவருக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நான் பார்த்துப் பார்த்து எழுதிய ப்ரோகிராம். திரையில் வரிவரியாகத் தேடினேன். உள்பக்கத்துக்கு இடமாக என்று நான் எழுதியது எல்லாம் வலமாக மாறியிருந்தது. பேய் புகுந்து மாற்றியிருந்தால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

பேய் இல்லை, மோகன்தான். மறைக்கவும் இல்லை. நான் ஏதோ கைப்பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைத்து, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று அவனே திருத்திவிட்டானாம். வெளியே சுற்றும்போது வலமாகப் போனால் டவுன் மில்லிங், குழிக்குள் சுற்றும்போது இடமாகப் போனால்தான் டவுன் மில்லிங் என்று படம் போட்டுக் காட்டினேன். பல்லை, திசையை, டேபிளை எல்லாம் பேனாவாலும் டீ கிளாஸாலும் விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். ஒத்துக்கொண்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"வெளிப் பிராகாரம் வலமா, உள் பிராகாரம் இடமா? எந்த ஊர்லண்ணா கீது அந்தக் கோயில்?"

ப்ரோகிராமுக்குப் பூட்டு போட்டேன். மோகன் உள்பக்கம் வெட்டும்போதெல்லாம் திரையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அம்மா வீடு, மாமியார் வீடு

ஐப்பசியில் அக்காவின் கட்டைகளைப் புது மெஷினில் வெட்டினோம். வெளிப்பக்கம் வலமாகச் சுற்றி, நடுவில் காடி அகலத்துக்கே ஒரு கட்டரைப் போட்டு நேராக ஒரே ஓட்டு. என் நகத்தால் காடிக்குள் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. இதற்குமேல் பூச்சு ஏற்றிவிட்டால் நூலில் அலுமினியக் கறை படியாது. பூச்சுக்கு அனுப்பும்முன் ஒன்றை மாட்டிப் பாருங்கள் என்று அக்காவிடம் கொடுத்தேன். அந்த வாய் முகூர்த்தத்தை நினைத்து இன்னமும் என்னை மெச்சிக்கொள்கிறேன். பூச்சு சொரசொரப்பை மறைக்காது, அப்படியே நிலைக்க வைத்துவிடும்.

மறுநாள் காலையில் அக்கா வந்து நின்றார். கையில் ஒரு சுருள் நூல், நெசவுக்காரர் பேச்சில் ஒரு சிட்டம். அரக்குப் பட்டு. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இழை நெடுக மயிர்மயிராகப் பிசிர் எழுந்து நின்றது. இரண்டு இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. மகளின் புடவைக்கான நூல். அதில் ஒரு சிட்டம் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் புடவை நீளத்துக்குக் காணாது என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

வழக்கம்போல மோகன் மேல் பாய்ந்தேன். பூட்டைத் திறந்து எதை மாற்றினாய் என்று கேட்டேன். காடில சுத்தவே இல்லியேண்ணா, நேராத்தான போச்சு என்றான். உண்மைதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அக்கா அதற்குள் ஒரு இழையைக் கட்டையின் காடிக்குள் விட்டு, வலது சுவரோடு ஒட்டி இழுத்தார். சத்தமில்லாமல் வந்தது. இடது சுவரோடு ஒட்டி இழுத்தார். பிசிர் எழுந்தது. சுற்றும்போது நூல் இரண்டு பக்கமும் அசைந்து அசைந்துதான் ஓடும். என் நகத்துக்குத் தெரியாதது பட்டுக்குத் தெரிந்திருக்கிறது. காடி அகலத்துக்கே கட்டர் போட்டால், நேராகப் போகும்போது ஒரு சுவரில் டவுன் மில்லிங் நடக்கிறது, எதிர்ச் சுவரில் அப் மில்லிங் நடக்கிறது. இத்தனை காலம் காடி வெட்டிய எனக்கு இது தோன்றவே இல்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பக்கம் அம்மா வூடு மாதிரி இருக்குது, ஒரு பக்கம் மாமியா வூடு மாதிரி இருக்குது தம்பி."

சாமி எந்தப் பக்கம்

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காடியைவிடச் சின்ன கட்டரை நடுவில் விட்டு, ஒரு சுவரை ஒட்டிப் போய், எதிர்ச் சுவரை ஒட்டித் திரும்பி வர வேண்டும். அப்படிச் சுற்றினால் இரண்டு சுவரும் டவுன் மில்லிங். ஆனால் அது இடமாகச் சுற்றுவது. திரையில் அதைப் பார்த்ததும் மோகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். கம்பெனிப் பெட்டின்னா நீ சொன்னதைக் கேட்டேன், கல்யாணப் பொடவைக்கு என் கையால இடமா சுத்த மாட்டேன், நீயே பட்டனை அமுக்கு என்றான். நான் என் படத்தை மறுபடி போட, அவன் கோயிலை மறுபடி இழுக்க, பிராகாரம், பல், டேபிள் என்று இருவர் குரலும் உயர்ந்துகொண்டே போனது. உண்மையில் நான் பட்டனை அமுக்கியிருக்கலாம். ஆனால் அவன் அந்தக் கல்யாணத்துக்கு நல்லது நினைத்துத்தான் பேசுகிறான் என்று தெரிந்தபோது கை எழவில்லை.

கையில் கெட்டுப்போன சிட்டத்தோடு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாபா மோகன், சாமியை எதுக்கு வலமா சுத்துறோம்? சாமி நம்ம வலக்கைப் பக்கம் இருக்கணும்னுதான? வெளிய சுத்துனா கட்டை வலக்கைப் பக்கம் வருது. காடிக்குள்ள சுவரைத்தான தொடப் போற? அப்ப சுவரு வலக்கைப் பக்கம் வந்தா போதாதா? சும்மா என் நேரத்தைத் தின்னுக்கினு" என்றார்.

மோகன் திரையைப் பார்த்தான். கட்டர் போகிற வழியில் தன் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினான். போகும்போது ஒரு சுவர் வலக்கைப் பக்கம். திரும்பி வரும்போது எதிர்ச் சுவர், அதுவும் வலக்கைப் பக்கம். வெளிப்பக்கத்து ப்ரோகிராமைத் திறந்து அதன் மேலும் விரலை ஓட்டினான். அங்கேயும் உலோகம் வலக்கைப் பக்கம்தான். வெட்டுகிற உலோகம் வலக்கைப் பக்கம் இருந்தால் டவுன் மில்லிங். ஐ.டி.ஐ.யில் வருடக்கணக்கில் படம் போட்டுச் சொல்லித் தந்தது முழுவதும் இந்த ஒரு வரிதான், யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லவில்லை. மோகன் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தானே பட்டனை அமுக்கினான். அன்று அவன் மெஷினைச் சுற்றவில்லை, அதற்குத் தேவையும் வரவில்லை.

கட்டை வந்ததும் அக்கா கெட்ட சிட்டத்திலேயே நல்ல இழையாகப் பார்த்து உருவி, காடிக்குள் விட்டார். வலது சுவரில் இழுத்தார். இடது சுவரில் இழுத்தார். மறுபடி இரண்டு பக்கமும் இழுத்து, இழையை உதட்டில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிசிர் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

"ரெண்டு பக்கமும் அம்மா வூடு ஆயிடுச்சுபா. என் பொண்ணுக்கும் அப்படியே அமையட்டும்."

மண்டபத்தில்

தை மாதம் கல்யாணம். புடவை நல்லபடியாக நெய்து வந்திருந்தது. நானும் மோகனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள், நாங்கள் நூலைப் பார்த்தோம். அரக்குப் பட்டில் ஓர் இழைகூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்னியைச் சுற்ற எழுந்தார். அட்சதையைக் கையில் வைத்தபடி மோகன் தன் வலக்கையைப் பார்த்தான், அக்னியைப் பார்த்தான், புகை அடிப்பதையும் மறந்து அவர்கள் காலையே பார்த்தான். பிறகு என் காதோரம் குனிந்து, ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறவன் மாதிரி நிம்மதியாகச் சொன்னான்.

"டவுன் மில்லிங்தாண்ணா. நல்லா இருப்பாங்க."

ஆக, இந்தத் தொழிலில் இத்தனை வருடம் அதிர்ந்து அதிர்ந்து நான் கற்றது, அலுமினியத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் முன்பே தெரியும், மெஷின் வைத்திருக்கிற எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது என்பதுதான்.